டபுள் பாஸில் தனி வாசிப்பு: எங்கே தடுக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

ஜாஸ் குழுவில் சாக்ஸபோன்காரர் தனியாக வாசிக்கும்போது அவருக்குக் கீழே டபுள் பாஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) தட்டுக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டிருக்கும். பியானோ இடையிடையே கார்ட்களை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களை) தூவும், டிரம்ஸ் தாளத்தைத் தாங்கும். பாஸின் முறை வந்தால் நிலைமை தலைகீழ். பியானோ ஒதுங்கிக்கொள்ளும், டிரம்ஸ் ஹை-ஹாட்டை (காலால் இயக்கும் சிம்பல் ஜோடியை) மட்டும் மெல்ல மூடித் திறக்கும், கீழே நடப்பதற்கு ஆளே இருக்காது. நடக்க வேண்டியவர் இப்போது மேலே ஏறிப் பாடிக்கொண்டிருக்கிறார் அல்லவா! பாஸ் தனி வாசிப்பில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வெற்றிடத்தில்தான் பிறக்கின்றன. சாக்ஸபோன்காரர் செய்கிற அதே தவறை நாமும் செய்யலாம்; அவரைக் காப்பாற்ற நாம் இருக்கிறோம், நம்மைக் காப்பாற்ற யாரும் இல்லை.

எடுத்துக்காட்டாக எஃப் சுருதியில் அமைந்த 12 பார் ப்ளூஸை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பார் என்பது நான்கு தட்டு. 12 பார் முடிந்தால் ஒரு சுற்று. ஜாஸ்காரர்கள் கோரஸ் என்பார்கள், நாம் ஆவர்த்தனம் என்று எண்ணிக்கொள்ளலாம். கார்ட்கள் இவை: முதல் பாரில் எஃப்7, இரண்டாவதில் பி ஃப்ளாட்7, மூன்றிலும் நான்கிலும் எஃப்7, ஐந்திலும் ஆறிலும் பி ஃப்ளாட்7, ஏழில் எஃப்7, எட்டில் டி7, ஒன்பதில் ஜி மைனர்7, பத்தில் சி7, பதினொன்றில் மீண்டும் எஃப்7, பன்னிரண்டில் சி7. மெட்ரோனோமும் பதிவு செய்ய ஒரு கைபேசியும் போதும்.

நான் வாசிக்கிறேன், ஆனால் பாட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை

முதலில் இதைச் சோதியுங்கள். துணைக்கு யாரும் இல்லாமல், மெட்ரோனோமை மட்டும் ஓடவிட்டு மூன்று சுற்று தனியாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். ஐந்தாவது பார் எப்போது வந்தது என்று உங்கள் காதுக்குத் தெரிகிறதா? என் முதல் பதிவில் எனக்கே தெரியவில்லை. எஃப் ப்ளூஸ் ஸ்கேலை, அதாவது அதன் சுர வரிசையை, மேலும் கீழும் உருட்டியிருந்தேன், அவ்வளவுதான். எந்த சுரமும் தவறில்லை. எந்த சுரமும் எதையும் சொல்லவுமில்லை.

பாஸ் கலைஞர்கள் மூல சுரத்தோடு வாழப் பழகியவர்கள். எஃப்7 என்றால் எஃப், பி ஃப்ளாட்7 என்றால் பி ஃப்ளாட். கார்ட் மாறியதைக் காட்டுவது மூல சுரம் அல்ல, அதிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவதும் ஏழாவதும்தான். (ஃப்ளாட் என்றால் அரைச்சுரம் கீழே, ஷார்ப் என்றால் அரைச்சுரம் மேலே.) எஃப்7-இல் அவை ஏ, ஈ ஃப்ளாட். பி ஃப்ளாட்7-இல் டி, ஏ ஃப்ளாட். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஏ அரைச்சுரம் இறங்கினால் ஏ ஃப்ளாட். ஈ ஃப்ளாட் அரைச்சுரம் இறங்கினால் டி. இரண்டும் ஒரு படி கீழே சரிகின்றன, முழு கார்டும் மாறிவிடுகிறது.

இதைக் கையில் பார்த்தால் இன்னும் தெளிவு. இடக்கையை ஃபிங்கர்போர்டின் தலைப்பகுதியில், நட்டுக்கு (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டைக்கு) அரைச்சுரம் தள்ளி, ஹாஃப் பொசிஷனில் வையுங்கள். டி தந்தியில் முதல் விரல் ஈ ஃப்ளாட்டில் விழும். ஜி தந்தியில் இரண்டாம் விரல் ஏ-யில் விழும். இரண்டையும் சேர்த்து மீட்டினால் மூல சுரமே இல்லாமல் எஃப்7 கேட்கும். இப்போது முதல் விரலை ஜி தந்திக்கு மாற்றுங்கள், அது ஏ ஃப்ளாட். டி தந்தியைத் திறந்தபடி விடுங்கள். பி ஃப்ளாட்7 வந்துவிட்டது. கை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். ஒரு பாருக்கு இரண்டு சுரம், மூன்றாவதும் ஏழாவதும், முழுச் சுற்றுக்கும். எட்டாவது பாரிலிருந்து ஒரு பரிசு காத்திருக்கிறது. டி7-இன் மூன்றாவது எஃப் ஷார்ப், ஜி மைனர்7-இன் ஏழாவது எஃப், சி7-இன் மூன்றாவது ஈ, எஃப்7-இன் ஏழாவது ஈ ஃப்ளாட். எஃப் ஷார்ப், எஃப், ஈ, ஈ ஃப்ளாட் என்று டி தந்தி ஒன்றிலேயே ஏணியில் இறங்குவதுபோல் இறங்கலாம். நான்கே சுரம், நான்கு பார், துணைக்கு ஒருவருமில்லை, பாட்டு முழுசாகக் கேட்கிறது. இதைவிடப் பெரிய பாடம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சரியான சுரங்கள்தாம், ஆனால் பயிற்சிப் புத்தகம் போல இருக்கிறது

இந்த மூன்றாவதும் ஏழாவதுமான வழிகாட்டும் சுரங்கள் பிடிபட்டதும் வருகிற அடுத்த நோய் இது. ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் சரியான சுரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும். கணக்குப் பாடம் தெரிகிறது, பேச்சு இல்லை.

இதற்கு இரண்டு மருந்துகளை வைத்திருக்கிறேன். ஒன்று, சேர வேண்டிய சுரத்துக்கு நேராகப் போகாமல் சுற்றிப் போவது. ஏ-க்குப் போக வேண்டுமா? மேலே பி ஃப்ளாட், கீழே ஏ ஃப்ளாட், அப்புறம் ஏ. அதே ஹாஃப் பொசிஷனில் ஜி தந்தியில் நான்காம் விரல், முதல் விரல், இரண்டாம் விரல். இந்த மூன்று சுரமும் ஒன்றாம் தட்டுக்கு முன்னரே தொடங்க வேண்டும். நான்காம் தட்டின் இரு பாதிகளில் பி ஃப்ளாட்டும் ஏ ஃப்ளாட்டும், அடுத்த பாரின் ஒன்றாம் தட்டில் ஏ. கார்ட் மாறுவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும். பிபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியின் காலத்து ஊதுகருவிக்காரர்களின் பேச்சு பெரும்பகுதி இப்படிப்பட்ட சுற்றிவளைப்புதான். அதைப் பாஸுக்குக் கொண்டுவந்தவர்களில் ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் முன்னோடி. ஆகவே பாஸ் பதிவுகளை மட்டும் கேட்டுப் பயனில்லை. டிரம்பெட், சாக்ஸபோன் சொற்றொடர்களைக் காதால் பிடித்துப் பாஸில் இறக்குங்கள்.

இரண்டாவது மருந்து குரல். ஊதுகருவிக்காரர் மூச்சு முடிந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். நமக்கு அந்தத் தடை இல்லை. விரல் ஓடும்வரை ஓடலாம், அதுவே சாபம். வாசிக்கும்போது வாய்விட்டுப் பாடுங்கள். பாட முடியாத வேகத்தில் விரல் ஓடினால் அது விரலின் பழக்கம், உங்கள் எண்ணம் அல்ல. ஸ்லாம் ஸ்டூவர்ட் வில்லால் வாசித்தபடியே ஒரு ஸ்தாயி மேலே முனகிக்கொண்டு வாசிப்பார். மேஜர் ஹோலி அதே சுரத்தில் சேர்ந்து பாடுவார். கேட்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கலாம், எனக்கு அது ஒழுங்குமுறை. இரண்டு பார் பாடுங்கள், இரண்டு பார் அதையே வாசியுங்கள். பாடியதற்கும் வாசித்ததற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, உங்கள் பயிற்சி அவ்வளவு பாக்கி.

கீழ்த் தந்திகளில் ஓடினால் எல்லாம் கூழாகிவிடுகிறது

இதில் உங்கள் தவறு பாதி, இயற்பியலின் தவறு பாதி. திறந்த ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். அந்த ஆழத்தில் ஒரு சுரம் எது என்று காது முடிவுசெய்வதற்குள் அடுத்த சுரம் வந்துவிட்டால் மிஞ்சுவது இரைச்சல்தான். பியானோ அதே பகுதியில் கார்ட் பிடித்தால் சேறு.

கீழே இருக்கும்போது சுரங்களைக் குறையுங்கள், ஓட வேண்டுமென்றால் மேலே போங்கள். ஜிம்மி பிளான்டன் 1939-இல் டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்து, பியானோவும் பாஸும் மட்டுமே உள்ள பதிவுகளை அவரோடு செய்தபோது இந்த வாத்தியம் ஊதுகருவியைப் போலப் பேச முடியும் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. 1942-இல், 23 வயதில், அவர் இறந்துவிட்டார். ஸ்காட் லஃபாரோ இன்னும் மேலே ஏறினார். பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழுவில் 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் அவர் வாசித்ததைக் கேட்டால் பாஸ் எங்கே முடிகிறது, பியானோ எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் மயங்கும். ஜூலை 6 அன்று சாலை விபத்தில் போய்விட்டார், வயது 25. இந்த வாத்தியத்துக்கு ஏதோ கண் பட்டிருக்கிறது.

ஆனால் லஃபாரோவைக் கேட்டுவிட்டு வருகிற மாணவர்கள் மேலேயே குடியிருக்கத் தொடங்குவார்கள். அதுவும் கோளாறுதான், சிறிய செல்லோவைத் தப்பாக வாசிப்பதுபோல் கேட்கும். எதிர்முனையில் சார்லி ஹேடனை வையுங்கள். 1959-இல் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனோடு பதிவு செய்த அவர் வேகத்தை நாடவேயில்லை. கீழே நாலே நாலு சுரம், நடுவில் நீண்ட மௌனம், ஒவ்வொன்றும் நாட்டுப்புறப் பாட்டின் ஓர் அடி போல. குழந்தைப் பருவத்தில் குடும்பத்தோடு வானொலியில் பாடியவர் அவர்; அது கையில் தெரிகிறது. ஒரே சுற்றுக்குள் கீழே நான்கு பார் ஹேடனைப் போலவும், மேலே நான்கு பார் ஓட்டமாகவும் மாற்றிப் பாருங்கள். மாற்றமே ஒரு கதை.

மேலே போனால் சுருதி நழுவுகிறது

முக்கால் அளவு பாஸில் தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். நட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரைச்சுரத்தின் தூரம் சுமார் ஆறு சென்டிமீட்டர். தந்தியின் நடுப்புள்ளியில் அது சுமார் மூன்று. கிதாரில் இருப்பதுபோல் சுரத்தின் இடம் காட்டும் ஃபிரெட் எதுவும் இல்லை. கீழே பழகிய கை அதே அகலத்தோடு மேலே போனால் எல்லா சுரமும் கூடிப்போகும்.

நடுப்புள்ளியில் விரலை அழுத்தாமல் தொட்டால் வருகிற ஹார்மோனிக்கை வீட்டு வாசலாக வையுங்கள். ஜி தந்தியில் அது ஜி. கட்டைவிரலை அங்கே பக்கவாட்டில் படுக்கவைத்தால் அது நடமாடும் நட்டு மாதிரி. பக்கத்துத் திறந்த தந்தியைச் சுருதிப்பெட்டிபோல ஒலிக்கவிட்டு, மெதுவாக, வில்லால் வாசியுங்கள். விரலால் மீட்டும்போது மன்னிக்கப்படுகிற பிழையை வில் மன்னிக்காது. வில்லால் பிபாப் தனி வாசித்த பால் சேம்பர்ஸின் சுருதி எல்லா இடத்திலும் சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வந்தது?

ஒரே கார்ட் நீண்டுகொண்டே போகிறது, என்ன வாசிப்பதென்றே தெரியவில்லை

கார்ட்கள் ஓடும் பாட்டில் அவை உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரே ஸ்கேலில் நெடுநேரம் நிற்கும் மோடல் பாட்டில் தள்ள ஆளில்லை. மைல்ஸ் டேவிஸ் 1959-இல் செய்த பதிவு ஒன்றில் 16 பார் டி டோரியன், 8 பார் ஈ ஃப்ளாட் டோரியன், மறுபடி 8 பார் டி டோரியன். அதன் மெட்டையே பாஸ்தான் வாசிக்கிறது, பால் சேம்பர்ஸ். பதினாறு பார் ஒரே இடத்தில் நிற்பது எளிது என்று நினைத்தால், நின்று பாருங்கள்.

டோரியன் என்பதை நம் காது கரகரப்பிரியாவாகக் கேட்டுவிடும். சுரங்கள் அவையேதான். ஆனால் கமகத்தோடு போனால் அது ஜாஸ் ஆகாது, ஸ்கேலாக மட்டும் போனால் கரகரப்பிரியாவும் ஆகாது. இரண்டும் கெட்ட நிலை. நமக்குப் பயன்படுகிற பாடம் வேறொன்று: ஐந்து சுரத்துக்குள் எவ்வளவு நேரம் பேசலாம் என்பது நமக்குத் தெரியும். சுத்த தன்யாசியின் சுரங்கள்தாம் மைனர் பென்டடானிக். டி மைனர்7-க்கு மேல் அதை டி-யில் தொடங்காமல் ஏ-யில் தொடங்குங்கள்: ஏ, சி, டி, ஈ, ஜி. மூன்றாவதான எஃப் இல்லை, ஒன்பதாவதான ஈ வந்துவிட்டது, காற்றோட்டம் கூடியது. ஈ-யில் தொடங்கினால் ஈ, ஜி, ஏ, பி, டி. டோரியனின் தனி அடையாளமான பி உள்ளே வந்துவிடுகிறது. மூன்று பென்டடானிக், மூன்று வெளிச்சம், அடியில் கார்ட் மாறவேயில்லை.

இன்னொன்று நம் வாத்தியமே தருவது. நான்கு தந்தியும் நான்காம் இடைவெளியில் சுருதி கூட்டப்பட்டவை. ஒரே விரலை மூன்று தந்தியின் மேலும் கிடத்தினால் நான்காம் இடைவெளிகள் அடுக்காக வரும், மோடல் பியானோ கார்ட்களின் அதே ஒலி. சாக்ஸபோன்காரர் விழுந்து விழுந்து பழகுகிற இந்த வடிவம் நமக்குச் சும்மா கிடைக்கிறது. (ரெட் மிட்செல் 1966 முதல் செல்லோவைப் போல ஐந்தாம் இடைவெளியில் சுருதி கூட்டிக்கொண்டார். அவருக்கு இந்தச் சலுகை இல்லை, கேட்டால் குறை எதுவும் தெரியவும் இல்லை.)

இதற்கும் மேல் ஒரு சிறு கருவைப் பிடித்துக்கொண்டு அதை விடாதீர்கள். மூன்று சுரம். அதையே இடம் மாற்றி, தட்டு மாற்றி, கடைசி சுரத்தை மட்டும் மாற்றி. நிரவலில் ஒரு வரியை எத்தனை விதமாகப் போடுகிறார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

வீடு திரும்புவதற்கு முன் வரும் கார்டில் பதற்றமே இல்லை

பத்தாவது பாரின் சி7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாவது ஈ, ஏழாவது பி ஃப்ளாட். ஜி ஃப்ளாட்7-இன் ஏழாவதும் மூன்றாவதும் ஒலியில் அதே இரண்டு சுரங்கள்தாம். எனவே சி7-க்குப் பதில் ஜி ஃப்ளாட்7 என்று எண்ணி வாசித்து, ஜி ஃப்ளாட்டிலிருந்து எஃப்-க்கு அரைச்சுரம் இறங்கினால் வீடு திரும்பும் உணர்வு இரு மடங்காகும். டி ஃப்ளாட் மெலோடிக் மைனர் என்ற ஸ்கேலை அங்கே வாசித்தாலும் இதே திசைதான், இன்னும் கொஞ்சம் காரம் கூட.

எச்சரிக்கை ஒன்று. தனி வாசிப்பில் ஜி ஃப்ளாட் போட்டால் அது உங்கள் கற்பனை. பிறருக்குத் துணையாக நடக்கும்போது அதே ஜி ஃப்ளாட்டைப் போட்டால் கார்டையே மாற்றிவிட்டீர்கள். மேலே சாதாரண சி7 நினைத்து வாசிப்பவர் திடீரென்று தவறு செய்தவர்போல் கேட்பார். பழைய பியானோக்காரர் ஒருவர் இதற்காக என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தனி தொடங்கியதும் காலம் ஆடுகிறது

வேகம் கூடுகிறதா, குறைகிறதா என்று பதிவில் பாருங்கள். பெரும்பாலும் கூடும், பயம் முன்னோக்கித்தான் ஓடும்.

மெட்ரோனோமை இரண்டாம், நான்காம் தட்டுகளில் மட்டும் ஒலிக்கவிடுங்கள். அது பழகியதும் ஒரு பாருக்கு ஒரே ஒலி, நான்காம் தட்டில். பிறகு இரண்டு பாருக்கு ஒன்று. நடுத்தர வேகத்தில் ஸ்விங்கின் இரு பாதிகள் சம பாதிகள் அல்ல. தகிட என்று சொல்லி நடு எழுத்தை விழுங்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். வேகம் ஏற ஏற அவை சமமாகிக்கொண்டே போகும், அங்கேயும் தகிட பிடிவாதம் பிடித்தால் நொண்டும்.

எனக்குப் பலித்த பயிற்சி வேறு. இரண்டு பார் நட, இரண்டு பார் பாடு. தட்டுக்கு ஒரு சுரமாக வாக்கிங் லைன் இரண்டு பார், கையை எடுக்காமல் அதிலிருந்தே தனி இரண்டு பார், மறுபடி நடை. இதை ஒரு மணி நேரம் செய்தால் ஒன்று புரியும்: நடையில் ஒன்றாம் தட்டு எங்கே விழுகிறது என்று ஐயமே வருவதில்லை, தனியில் மட்டும் வருகிறது. இரண்டும் வேறு வேறு வேலை என்று மனம் பிரித்து வைத்திருப்பதால் வரும் கோளாறு இது. தனி என்பது நடை கொஞ்சம் தலை நிமிர்ந்தது, அவ்வளவுதான். பிரிவினை போனால் காலமும் நிற்கும், கார்ட்களும் கேட்கும், முதல் தலைப்பில் சொன்ன நோயும் கூடவே குறையும்.

வலக்கை சோர்ந்துவிடுகிறது

ஃபிங்கர்போர்டுக்கு மேல் தந்தியின் உயரத்தை முதலில் பாருங்கள். தேவைக்கு மேல் உயர்ந்திருந்தால் வாத்தியத்தைச் சீர்செய்பவரிடம் கொண்டுபோங்கள், பயிற்சியால் தீராது. வேகமான இடங்களில் ஒரே விரலால் ஓடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நீல்ஸ்-ஹென்னிங் ஆர்ஸ்டெட் பெடர்சன் மூன்று விரலால் மீட்டியவர். அதை நகலெடுக்கும் முன் இரண்டைச் சமமாக்குங்கள்.

தனி முடிந்தது யாருக்கும் தெரியவில்லை

நீங்கள் நிறுத்துகிறீர்கள், மௌனம், பியானோக்காரர் உங்களைப் பார்க்கிறார், நீங்கள் டிரம்ஸ்காரரைப் பார்க்கிறீர்கள். ஒரு பார் காற்றில் போகிறது. ஊதுகருவிக்காரருக்கு இந்தச் சங்கடமே கிடையாது. அவர் வாயை எடுத்தால் எல்லாருக்கும் தெரியும்.

கடைசிச் சுற்றின் ஒன்பதாவது பாரிலேயே மேலேயிருந்து இறங்கத் தொடங்குங்கள். பத்தாவது பாரில் சி-யைப் பிடித்து, தட்டுக்கு ஒன்றாக, அழுத்தமாக வையுங்கள். பதினொன்றில் எஃப்-இல் கால் வைத்து நடக்கத் தொடங்கினால் ஹை-ஹாட்டோடு நின்றிருந்தவர் தட்டியெழுப்பியது போல் ரைடு சிம்பலுக்குக் கை மாற்றிவிடுவார். பன்னிரண்டாவது பாரின் சி7-இல் பியானோ உள்ளே வந்துவிடும். அடுத்த சுற்றின் ஒன்றாம் தட்டில் குழு முழுதும் இருக்கும், நீங்கள் கீழே நடந்துகொண்டிருப்பீர்கள்.